கதவில் நுழையாத வீரன்

வேலையை விட்ட மறுநாளே அவளுடைய கணவர் தன்னைப் படைப்பாளி என்று அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். எதைப் படைத்தீர்கள் என்று நாகரிகமானவர்கள் யாரும் உடனே கேட்டுவிட மாட்டார்கள் என்ற தைரியம். நேற்றுவரை காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக்குள்ளான வண்டிகளின் புகைப்படங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்த மனிதர், இன்று ஜன்னலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முகபாவத்தை மாற்ற வேண்டிய சிரமம்கூட இருக்கவில்லை.

அவர் செய்யப்போவது ஒரு கணினி விளையாட்டு. மேலேயிருந்து பார்ப்பது போன்ற ஊர். கட்டம் கட்டமாக வரைந்த தெருக்கள். அதில் ஒரு வீரன் நடந்துபோய் நாலு பேரிடம் பேசி, வாள் சம்பாதித்து, கடைசியில் அரக்கனைக் கொல்வான். ஆனால் விளையாட்டு என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். "இரு பரிமாணக் காவியம்" என்று திருத்துவார். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவளுடைய தம்பி, போன் செய்யும்போதெல்லாம், "என்னக்கா, காவியம் எழுந்து பல்லு விளக்கிடுச்சா?" என்றுதான் விசாரிப்பான்.

கற்றுக்கொடுக்கிற வீடியோக்கள் எல்லாம் ஒரே பாடத்தில்தான் தொடங்கின. திரையில் ஒரு சதுரம் போடு. அம்புக்குறியை அழுத்தினால் அது நகர வேண்டும். அது நகர்ந்த பிறகு மற்றதைப் பேசலாம். படைப்பாளிக்கு இது அவமானமாகப் பட்டது. "சதுரத்தை நகர்த்தவா நான் வேலையை விட்டேன்?" என்று கேட்டுவிட்டு, வரலாற்றில் இறங்கினார். பதினொரு ராஜவம்சங்கள் பிறந்தன. அவற்றுக்குள் போர்கள், துரோகங்கள், மூன்று விதமான நாள்காட்டிகள். அரக்கனுடைய தாய்வழிப் பாட்டனுக்குக்கூட ஒரு காதல் தோல்வி இருந்தது. முதுகு வலிக்காத நாற்காலி வந்தது, இரண்டாவது திரை வந்தது, 'நிறுவனர்' என்று அச்சடித்த அட்டைகள் வந்தன. மாதங்கள் நகர்ந்தன, சதுரம் மட்டும் நகரவில்லை.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் மூக்கைப் பார்த்ததுமே எந்த ஃபிரேம் உட்காரும் என்று சொல்லிவிடுவாள். முதலாளியம்மா வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறாள். அதை நீதான் நடத்த வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். அவளுக்குக் கொள்ளை ஆசை. முகம் பார்க்கும் கண்ணாடிகளை எந்தச் சுவரில் மாட்டினால் வெளிச்சம் முகத்தில் விழும் என்பதுவரை மனசுக்குள் முடிவுசெய்துவிட்டாள்.

"இப்பப் போய் நீ கிளம்பினா எப்படி?" என்றார் கணவர். "கடைசிக் கட்டத்துல இருக்கேன். இந்த நேரத்துல என் கவனம் சிதறக் கூடாது."

கவனம் என்று அவர் சொன்னது மூன்று வேளைச் சாப்பாட்டை. அவருடைய அக்கா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அதற்குப் பதவுரை பொழிப்புரை எழுதினாள். "கண்ணாடி யார் வேணா விக்கலாம்மா. இவன் மாதிரி மூளை எத்தனை பேருக்கு இருக்கு?"

"சரி அண்ணி," என்றாள் அவள். "ஞாயிற்றுக்கிழமை நான் விளையாடிப் பார்க்கறேன். ராஜ்யமெல்லாம் வேண்டாம். அந்த வீரன் வீட்டை விட்டு வெளிய வந்தாப் போதும். நான் போகல."

இத்தனை மாதத்துக்கு இது மிகவும் தாராளமான நிபந்தனை என்று அவளுக்கே தெரியும். கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்றே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சதுரத்தை நகர்த்தக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்.

ஞாயிறு மத்தியானம் நாத்தனார் பட்டுக் கரை போட்ட புடவையில் வந்தாள். தம்பி எண்ணெய்க் கறை போட்ட சட்டையில் வந்தான். படைப்பாளி சிறிய உரை ஒன்று ஆற்றிவிட்டுத் திரையைத் திறந்தார்.

முதலில் வரலாறு வந்தது. எழுத்துகள் கீழிருந்து மேலே, அரசாங்க வேகத்தில் ஊர்ந்தன. நாலாவது வம்சத்தில் தம்பி கொட்டாவி விட்டான்.

"மாமா, இதைத் தாண்ட எந்த பட்டன்?"

"வரலாற்றைத் தாண்டக் கூடாது மாப்ள."

"அப்ப நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன். எட்டாவது ராஜா செத்ததும் கூப்பிடுங்க."

ஒருவழியாக வீரன் தோன்றினான். அவள் கொஞ்சம் அசந்துதான் போனாள். வீடு அழகாக இருந்தது. அலமாரியில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நிறம். அடுப்பில் நெருப்பு ஆடியது. நடுவில் வீரன்: தோளிலிருந்து இருபக்கமும் விரிந்த மேலங்கி, இடுப்பில் இடமும் வலமும் நீட்டிக்கொண்டிருக்கும் வாள்கள். அம்புக்குறியை அழுத்தினாள். நடந்தான். புதுக் கடை கையை விட்டுப் போகிறதே என்றிருந்தது அவளுக்கு. கட்டிய கணவர் ஜெயிக்கும்போது இப்படி இருக்கக் கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாசலுக்கு நடத்திக்கொண்டு போனாள். வீரன் நின்றான். மறுபடி அழுத்தினாள். கால்கள் அசைந்தன, ஆள் அசையவில்லை. சற்று இடதுபுறம் தள்ளி முயன்றாள், வலதுபுறம் முயன்றாள். வாசற்படியில் நின்று உதறிக்கொண்டிருந்தான்.

"மெதுவா அழுத்து," என்றார் கணவர்.

"மெதுவாதான் அழுத்தறேன்."

"அவளுக்கு அழுத்தத் தெரியல. தள்ளு, நான் பார்க்கறேன்," என்று நாத்தனார் உட்கார்ந்தாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தை மிரட்டிய விரல் அது. வீரன் அதற்கும் பணியவில்லை.

தம்பி டீ டம்ளரோடு குனிந்து பார்த்தான். லிஃப்ட் கதவு இடிக்கிற இடத்தைப் பார்க்கிற அதே குனிவு. "மாமா, ஆள் கதவை விட அகலமா இருக்காரே."

படைப்பாளி மேலங்கியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் நல்லாதானே போனான்," என்றார் படைப்பாளி. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நேற்றுவரை வீரனை எந்தச் சுவரும் தடுக்கவில்லை. அலமாரி, அடுப்பு எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து போய்க்கொண்டிருந்தான். அதனால் கதவின் தயவு யாருக்கும் தேவைப்படவில்லை. இன்று காலையில்தான் சுவரில் மோதினால் நிற்க வேண்டும் என்று கோடிங் எழுதியிருக்கிறார். மேலங்கியும் வாள்களும் சேர்ந்து மோதுகின்றன.

"ஆளைக் கொஞ்சம் ஒடுக்கிடுங்க மாமா."

"பதினொரு வம்சத்தோட வாரிசை ஒடுக்கறதா?"

"அப்ப கதவை அகலப்படுத்துங்க."

"அது அரச முத்திரை பொறிச்ச கதவு. இழுத்தா முத்திரை கோணிக்கும்."

பிறகு, கௌரவம் குறையாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார். காலையில் எழுதியதை அழித்தார். "தற்காலிகமா," என்றார். வீரன் அலமாரியைத் துளைத்து, புத்தகங்களின் மேல் நடந்து, சுவருக்குள் புகுந்து வெளியே வந்தான்.

வெளியே கறுப்பாக இருந்தது.

"ஊர் எங்க?" என்று அவள் கேட்டாள்.

"எழுதியாச்சு. முழுசா எழுதியாச்சு."

"வரைஞ்சிருக்கீங்களா?"

அவர் சற்று யோசித்தார். "இது இருண்ட நிலம். ஏழாம் வம்சத்துச் சாபம். வீரன் முதல்ல இதைக் கடந்தாகணும்."

"என்ன ஒரு ஆழம்," என்றாள் நாத்தனார்.

"ஆழம்தான். தரையே தெரியல," என்றான் தம்பி.

அவள் மறுபடி உட்கார்ந்து அம்புக்குறியை அழுத்தினாள். வீரனின் கால்கள் மாறி மாறி அசைந்தன. திரை எப்போதும் அவனை நடுவிலேயே காட்டியது; சுற்றிலும் எதுவும் இல்லாததால் போகிறானா நிற்கிறானா என்று சொல்ல முடியவில்லை. திரும்பி வீட்டுக்கு நடத்திப் பார்த்தாள். வீட்டைக் காணோம். எந்தப் பக்கம் வந்தோம் என்பது அவளுக்கும் மறந்துவிட்டது.

"வெளிய வந்துட்டான்ல?" என்றார் கணவர், கைகளைத் தேய்த்துக்கொண்டு. "நீ சொன்னது அவ்வளவுதான். ஊரு, தெருன்னு அப்ப பேச்சே இல்ல. இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

"என்னை இதுல இழுக்காதீங்க மாமா," என்றான் தம்பி.

அவள் எழுந்து போனை எடுத்தாள்.

"வாக்குக் கொடுத்தியேம்மா," என்றாள் நாத்தனார், வகுப்பறைக் குரலில்.

"கொடுத்தேன் அண்ணி. பொய் சொல்லிட்டேன்னு வச்சுக்கோங்க."

கணவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அவர் அவளைப் பார்க்கவேயில்லை. "அக்கா, இருட்டுக்குள்ள கொஞ்சம் பனிமூட்டம் விட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பனிமூட்டம் பிரமாதமாக இருக்கும் என்று தலைமையாசிரியை கருதினாள்.

மறுமுனையில் முதலாளியம்மா எடுத்தாள். "என்னம்மா, வீட்ல ஒரே சத்தமா இருக்கு? ஏதாவது விசேஷமா?"

"இல்ல மேடம். வீட்டுக்காரர் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு பண்றார். எல்லாரும் பார்க்க வந்தாங்க."

"அடடே. நல்லா வந்திருக்கா?"

அவள் சமையலறை வாசலில் நின்று முன்னறையைப் பார்த்தாள். மூன்று தலைகள் திரையை மறைத்துக்கொண்டிருந்தன.

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கார் மேடம்," என்றாள். "கடைச் சாவி வாங்க நான் என்னைக்கு வரட்டும்?"