இருநூற்றுப் பன்னிரண்டாவது பாட்டு

என் கணவர் இன்னொருத்தியின் பாட்டைக் கேட்கிறார் என்பதை ஒரு சனிக்கிழமை காலையில், அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டு போனபோது கண்டுபிடித்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது காதில் இயர்போன். மடியிலிருந்த சின்ன பிளேயரின் திரையில் 212 என்று இருந்தது. எந்த எண்ணில் எந்தப் பாட்டு என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏற்றியவளே நான்தானே. 212 ஜெபசுதா.

அவர் பெயர் தேவபிரசாதம். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவர். போன வருஷம் ஜூன் மாதம் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டு போய்விட்டது. இப்போது வாயில் வருவதெல்லாம் ஒரு ‘ம்’, ஒரு ‘ஆ’. போனில் விரல் நிற்காமல் நடுங்குகிறது என்று எங்கள் மகன் ஜெஃப்ரி பெங்களூரிலிருந்து, அழுத்துகிற பொத்தான்கள் வைத்த இந்தப் பிளேயரை வாங்கி அனுப்பினான். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவும் பாட்டு நல்லது என்றார். இன்னொன்றும் சொன்னார்: மெதுவாகப் பேசுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், அதட்டவே அதட்டாதீர்கள். அன்றிலிருந்து பாலர் பள்ளி டீச்சர் மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறேன். “தண்ணி குடிக்கலாமா? குடிக்கலாம். சரி.” என் வாயை அறிந்த எங்கள் போல்பேட்டைத் தெருக்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

எங்கள் கோயில் பாடகர் குழுவை இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறவள் நான், ஜீவமணி. குழுவின் பாட்டு முழுவதும் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது. பழைய கேசட்டுகளைக் கூட உட்கார்ந்து மாற்றி வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு ஃபோல்டர், லெந்து என்கிற தபசு நாட்களுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று. பதிவு செய்ததும் முன்னால் வருகிற இருமல், நாற்காலி இழுக்கிற சத்தம், உப்பு லாரி ஹாரன் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். என் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள், முதல் விநாடியிலேயே சுருதி நிற்கும்.

ஜெபசுதா பாட்டை மட்டும் வெட்டவில்லை. வெட்டுவதற்கு முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டுமே!

அவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் சாத்தான்குளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவள். நல்ல குரல். அதை இல்லையென்று சொன்னால் கர்த்தர் கேட்பார். போன வருஷம் லெந்துக் காலத்தில், நான் இருபது வருஷமாகப் பாடிவந்த தனிப்பகுதியைப் போதகர் அவளிடம் கொடுத்தார். “அக்காவுக்கு ரெஸ்ட் வேணும்லா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு உடைத்தேன்.

அந்தப் பாட்டையும் நான்தான் பதிவு செய்தேன், வேலை என்னுடையதாயிற்றே. பிளேயரில் ஏற்றும்போது மட்டும் என் புத்தியைக் காட்டினேன். இந்த மாதிரிச் சின்ன பிளேயர்களுக்கு அகர வரிசை தெரியாது. எது முதலில் ஏறுகிறதோ அதுதான் முதலில் பாடும். என் பாட்டுகளை முதலில் ஏற்றி, மற்றவர்களை நடுவில் ஏற்றி, அவளைக் கடைசியில் தள்ளினேன். இருநூற்றுப் பதினொன்றைத் தாண்டி யார் போகப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் பாட்டில் நின்றுகொண்டு பின்னால் போகிற பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் நேரே கடைசிப் பாட்டில் போய் விழும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. அவளை அவருக்கு ஒரு அழுத்து தூரத்தில் வைத்துக் கொடுத்தது நானேதான்.

அதன் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. துணி மடிக்கிற சாக்கில், மாத்திரை கொடுக்கிற சாக்கில் திரையைப் பார்ப்பேன். 212. எப்போது பார்த்தாலும் 212. அதிலும் முழுப் பாட்டைக் கேட்க மாட்டார். இருபது விநாடி ஓடுவதற்குள் பொத்தானை அழுத்தி மறுபடி தொடக்கத்துக்குப் போவார். அவள் வாயெடுக்கிற இடத்திலேயே மனுஷன் சொக்கிப்போய்க் கிடக்கிறார் என்று என் வயிறு எரிந்தது.

அவர் என்னைப் பெண் பார்க்க வந்தவரில்லை, பாட்டுக் கேட்டு வந்தவர். நாசரேத்தில் ஒரு கூட்டத்தில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, யார் என்று விசாரித்து, ஆள் அனுப்பினார். அழகென்று எனக்கு ஒன்றும் கிடையாது. இந்தக் குரல் ஒன்றை வைத்துத்தான் அவரைச் சம்பாதித்தேன். அதையும் ஒருத்தி எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

“நான் பாடினதை வைக்கட்டுமா?” என்று பாலர் பள்ளிக் குரலில் கேட்டேன். தலையை ஆட்டினார். வேண்டாமாம்.

திங்கட்கிழமை அவர் குளிக்கிற நேரத்தில் 212ஐ அழித்தேன். லேப்டாப்பிலும் போனிலும் அழித்தேன். ஆத்திரத்தில் லேப்டாப்பின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மனசு குளிர்ந்தது. பொய் சொல்லவில்லை, அரை நாள் நன்றாகவே குளிர்ந்தது.

பிறகு பொத்தான் சத்தம் தொடங்கியது. டக். டக். டக். இருநூற்றுப் பதினொரு பாட்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தேடினார். செவ்வாயன்று இட்லியைத் தொடவில்லை. புதன்கிழமை பிளேயரை இடது கையால் கட்டிலிலிருந்து கீழே தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கவாதம் வந்த அன்று கூட அழாத மனுஷன்.

எனக்கு அவள்மேல் இன்னும் எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். வேறு வழி?

ஜெபசுதா வாசலில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“வாங்கக்கா. அத்தான் எப்படி இருக்காவ?”

“இருக்காவ. ஏளா, அந்த லெந்துப் பாட்டு உங்கிட்ட இருக்கா? என் சிஸ்டத்துல எப்படியோ அழிஞ்சு போச்சு.”

“நீங்க குரூப்ல போட்டீங்கள்லா, போன்ல வச்சிருக்கேன். அத எப்படிக்கா அழிப்பேன்? எங்க வீட்ல எல்லாருக்கும் அது மனப்பாடம்.”

பெருமையைப் பார் என்று நினைத்தேன்.

“பாட்டு இல்லக்கா, முன்னால வருதே, அது” என்று சிரித்தாள். “நீங்க வேணும்னுதான் விட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.” போனை எடுத்து அழுத்தினாள்.

முதலில் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடியது. அதன்மேல் ஒரு பொம்பளைச் சத்தம்.

“என்னங்க, அந்த ஃபேன அமத்துங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? ரெக்கார்டிங்ல விழுதுல்லா! முப்பது டன் கன்டெய்னரத் தூக்கத் தெரியுது, ஒரு சுவிச்ச அமத்தத் தெரியாதாக்கும்?”

“இந்தா, அமத்திட்டேன்ளா. வையாத.” ஒரு ஆம்பளை கடகடவென்று சிரித்தார். ஃபேன் ஓய்ந்தது. பிறகுதான் ஜெபசுதா பாடத் தொடங்கினாள்.

என்னைக் கூட்டிப்போக வந்தவர், ஒத்திகை முடிகிறவரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாயங்காலம் அது. அவர் குரலைக் கேட்டு எத்தனை மாதம்! அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெபசுதா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அதை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். திரும்பி நடந்து வரும்போது மறுபடி போட்டுப் பார்த்தேன், கணக்காகப் பதினான்கு விநாடி. அத்தனை நாளும் நான் வயிறெரிந்தது தப்பான ஆளின்மேல். ஆனால் எரிச்சல் தீரவில்லை, ஆள்தான் மாறியது. இப்போது அந்தப் பதினான்கு விநாடிக்காரியின்மேல் பொறாமையாக இருந்தது. அவள் வாய்க்கு வந்தபடி வைகிறாள். அவளுக்கு அவர் பதில் சொல்கிறார், சிரிக்கிறார். எனக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். பதினான்காவது விநாடியில், ஜெபசுதா மூச்செடுக்கிற இடத்தில் சரியாக வெட்டினேன். அவள் பாட்டைத் தூக்கிப் போட்டேன். அந்தத் துண்டை மட்டும் முதலாவதாக ஏற்றி, பிறகு மற்றதையெல்லாம் ஏற்றி, அவர் கையில் கொடுத்தேன்.

இயர்போனை மாட்டிவிட்டேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. இரண்டு மட்டம் கேட்டார், மூன்று மட்டம் கேட்டார். பிறகு பொத்தானைத் தொடாமல் காத்திருந்தார். பாட்டு வரவேண்டிய இடத்தில் வேறு பாட்டு வந்தது. என்னுடைய கிறிஸ்துமஸ் பாட்டு. நெற்றியைச் சுருக்கினார். பிளேயரை விரலால் தட்டி என்னைப் பார்த்தார். “ஆ?” மறுபடி தட்டினார். மிச்சம் எங்கே என்று கேட்கிறார்!

எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு.

“ஓ, அவ பாட்டும் வேணுமோ தொரைக்கு? நான் வையுதது பத்தாதோ? ரெண்டு நாளு சோறு திங்காம என்னப் பாடாப் படுத்தினது போதாதுன்னு இப்ப அந்தச் சாத்தான்குளத்துக்காரி பாட்டு கேக்குதோ? இருபத்தொம்பது வருசமா ஒருத்தி இங்கன தொண்ட கிழியப் பாடுதா, அது காதுல விழல!”

சத்தம் தெருவரைக்கும் போயிருக்கும். பயிற்சி அம்மா சொன்னது நினைவுக்கு வந்து வாயைப் பொத்தப் போனேன். அவர் இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வாய் சிரித்தது. இடது கை மெல்ல நீண்டு, கட்டிலோரத்துச் சுவிட்சைத் தேடிப் பிடித்து, ஃபேனை அமர்த்தியது.

புழுக்கத்தில் இரண்டு பேருக்கும் வேர்த்தது. நான் வைவதை நிறுத்தவில்லை.