சாக் குடுத்துட்டாங்க

மேனேஜர் போன் பண்ணினபோது என் வீட்டுக்காரர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். நான் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் கையெல்லாம் எண்ணெய், அவரால் கையைத் தூக்க முடியாது, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டோம்.

"அண்ணே, மேல பேசி முடிச்சாச்சு. உங்களுக்கு சாக் குடுத்துட்டாங்க. மனசு கஷ்டமா எடுத்துக்காதீங்க. திங்கக்கிழமை வந்து என்னைப் பாருங்க."

"இதுல என்ன தம்பி கஷ்டம்? சந்தோஷமா வாங்கிக்கிறேன்" என்றார் இவர்.

"நீங்க பெரிய மனுஷன்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

நான் எண்ணெய்க் கையோடு கும்பிட்டேன். கும்பிடாமல் என்ன செய்வது? இந்த ஒரு வார்த்தைக்குத்தானே மூன்று மாதமாக அவன் கால்மாட்டில் நாயாய்க் கிடந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே தானியக் கிடங்கில்தான் வேலை. நான் மெஷினில் மூட்டையின் வாயைத் தைப்பேன். இவர் மூட்டை தூக்குகிறவர். வயசுக் காலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூட்டை தூக்குவார் என்று 'ரெட்டை' என்று பேர் வைத்தார்கள். பேர் நின்றது, முதுகெலும்பு நிற்கவில்லை. இனி ஒரு மூட்டை தூக்கினாலும் கால் இரண்டும் விழுந்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் என்ன சொன்னான் தெரியுமா? "ரெட்டை முதுகு வலின்னு சாக்கு சொல்றான்." வாயில் புழு விழ!

கிடங்கின் மூலையில் கிழிந்த சாக்குகளைத் தைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கும் வேலை. நாங்கள் அந்த இடத்தையே சாக்கு என்றுதான் சொல்வோம். அவள் மெஷினில் இருக்கிறாள், இவள் சாக்கில் இருக்கிறாள் என்று. இவரைச் சாக்குக்கு மாற்றிவிடுங்கள் என்றுதான் நான் கேட்டது. அங்கே இருப்பதெல்லாம் பொம்பளைகள். அதைத்தான் மனசு கஷ்டப்பட வேண்டாம் என்கிறான் பாவம், நல்ல பிள்ளை என்று நினைத்தோம்.

திங்கட்கிழமை இவர் சவரம் பண்ணிக்கொண்டார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டை. கக்கத்தில் ஒரு தலையணை, உட்கார்வதற்கு. மேனேஜர் இன்னும் வரவில்லை. வருகிற வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று நேராகச் சாக்குக்கே போய்விட்டார்.

"வாய்யா ரெட்டை! ராசா மாதிரி தலகாணியோட வர்றத பாரு" என்று அங்கே இருந்த கிழிசலக்கா சிரித்தாள். கிழிந்த சாக்கெல்லாம் அவள் பொறுப்பு, அதனால் அந்தப் பேர். கோணி ஊசியும் சணலும் எடுத்துக் கொடுத்தாள். மூட்டை தூக்குகிற பயல்கள் போகிற போக்கில், "என்ன மச்சான், பொம்பளைங்க பக்கம் ஒதுங்கிட்ட?" என்று வம்பிழுத்தார்கள். "உன் முதுகும் உடையட்டும்டா, பக்கத்துலயே எடம் போட்டு வைக்கிறேன்" என்றார் இவர். எவ்வளவு நாள் ஆயிற்று அவர் அப்படிப் பேசி! மெஷினில் இருந்தபடியே பார்த்தேன். ஒவ்வொரு கிழிசலுக்கும் இரண்டு முறை ஊசியை ஓட்டினார். நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்து ஊசியை ஆட்டிக் காட்டினார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

மேனேஜர் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தான். சாக்கு மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அண்ணே, நீங்க எங்க இங்க?"

"நீங்கதானே தம்பி சாக்கு குடுத்துட்டோம்னு சொன்னீங்க" என்றார் இவர், தைத்த சாக்கை விரித்துக் காட்டி. "பாருங்க, எப்படி இருக்குன்னு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டுமென்று சிரித்தான் என்று சொல்ல மாட்டேன், தும்மல் மாதிரி வந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டான். "ஐயோ, அந்த சாக்கு இல்லண்ணே. சாக்-னா..." என்று இழுத்தான். கிழிசலக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போனேன். "சாக்-னா என்ன? சொல்லுங்க சார், தமிழ்ல சொல்லுங்க."

"வேலைய விட்டு... நிறுத்திட்டாங்கக்கா. அன்னிக்கே சொன்னேனே. அவரு சந்தோஷம்னு வேற சொன்னாரு."

வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்று அன்றைக்கே சொல்ல முடியாதா? சொன்னால் இவன் நாக்கு கூசுமாம். கூட்டாளிகளோடு டீ குடிக்கும்போது பேசுகிற இங்கிலீஷை எடுத்து, முதுகு செத்த மனுஷன் தலையில் போட்டுவிட்டான். நன்றாகக் கேட்டேன் இதையெல்லாம் அவனிடம். அவன் சாரிக்கா, சாரிக்கா என்றே நின்றான். சாரியை வைத்து நான் என்ன செய்ய?

இவர் கையில் இருந்த சாக்கில் பாதிக் கிழிசல் பாக்கி இருந்தது. அதைத் தைத்து, முடிச்சுப் போட்டு, பல்லால் சணலைக் கடித்து அறுத்தார். தலையணையை எடுத்துக்கொண்டு நடந்தார். மூட்டை தூக்குகிற பயல்கள் வழிவிட்டு நின்றார்கள்.

சாயங்காலம் காலேஜ் விட்டு வந்த மகளைக் கேட்டார். "ஏம்மா, சாக்-னா இங்கிலீஷ்ல என்ன?"

அவளுக்கு விஷயம் தெரியாது. பையைக் கழற்றிக்கொண்டே, "கோணிப்பைப்பா. நம்ம சாக்கேதான். பேச்சு வழக்குல வேலைய விட்டுத் தூக்குறதையும் சொல்வாங்க. அப்புறம், படுக்கப் போறேங்கிறதுக்கு ஹிட் த சாக்-னு சொல்வாங்க" என்றாள். "எதுக்குப்பா?"

"சும்மாதான். சாக்கு சொல்றான்னு சொன்னாங்க, கடைசில சாக்கையே குடுத்துட்டாங்க" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "கடைசியா ஒண்ணு சொன்னியே, அதுக்கு மட்டும் யாரையும் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, இஸ்திரிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் காலையிலும் அவர் எழுந்திருக்கவில்லை. வழக்கமாகத் தைலம் கேட்பார். கேட்கவில்லை. நானே எண்ணெயோடு போனபோது, "விடு, இனி எதுக்கு" என்றார். மூன்று மாத வலியில் ஒரு நாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்று மனசு சொன்னது. உட்கார்ந்தால் என் வேலையும் போகும், இப்போது வீட்டில் வேலையில் இருப்பது நான் ஒருத்திதான். அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மகளைக் காலேஜுக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

கிடங்கில் அன்றைக்குச் சரக்கு அதிகம். புதுச் சாக்கு போதாமல், தைத்துவைத்த பழைய சாக்குகளையும் நிரப்பி அனுப்பினார்கள். நாலைந்து மூட்டை போயிருக்கும். அடுத்து வந்ததன் வயிற்றில் ஒரு கிழிசல், அதன் மேல் இரண்டு வரிசைத் தையல். கிழிசலக்கா ஆட்கள் யாரும் இரண்டு வரிசை போட மாட்டார்கள்.

அதை விரலால் தடவிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. பல வருஷம் தாங்கும். அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது, அதிலும் இரண்டு வரிசை.

"ஏம்மா, மெஷின் ஏன் நின்னுடுச்சு?" என்று சூப்பர்வைசர் கத்தினான்.

"கண்ணுல தூசி விழுந்துடுச்சு சார்" என்று சாக்குச் சொல்லிவிட்டு, அந்தச் சாக்கின் வாயை வைத்துத் தைத்தேன்.