நத்தைப் பத்திரிகையின் விக்கல் எண்

நத்தை ஒருமுறை பார்த்த மனித முகத்தை மறப்பதில்லை என்று கட்டுரை எழுதியவருக்கு, அது அச்சாகி வந்த வாரமே விக்கல் பிடித்தது. பிறகு அவர் தான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துக்கே இயக்குநராகி, ஏற்புரையை விக்கி விக்கி முடித்து, சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த பிறகும் அது நிற்கவில்லை. நிலையத்தில் யாரும் இதை அதிசயமாக நினைக்கவில்லை. அங்கே ஒருவருடைய கட்டுரையை உலகத்தில் எங்கேயாவது யாராவது மேற்கோள் காட்டினால், எழுதியவருக்கு அந்த நேரமே விக்கல் வரும். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால், கதவுக்கு எப்போதிலிருந்து கீல் இருக்கிறது என்று கேட்டவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பூஞ்சைப் பிரிவின் அம்மாள் மாதம் ஒருமுறை விக்குவார். மரியாதைக்குரிய விஞ்ஞானி என்று பெயர். புழுப் பிரிவின் தலைவர் வாரம் தவறாமல் விக்குவார். அவருக்கு அறையில் குளிர்சாதனம் உண்டு. விக்கலே வராதவர்கள் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் ஒன்றாக உட்கார்ந்து, நிதானமாக மென்று சாப்பிட்டார்கள்.

அளக்க முடியாத எதையும் மேலிடம் நம்பாது என்பதால் ஒரு குழு போட்டார்கள். எந்த ஆய்விதழுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று கண்டுபிடிக்கக் குழு ஒரு கணக்கு வகுத்தது. ஓர் இதழில் கடைசி இரண்டு வருடம் வந்த கட்டுரைகளுக்காக அவற்றை எழுதியவர்கள் எத்தனை தடவை விக்கினார்கள் என்று கூட்டி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அந்த இதழின் விக்கல் எண். எண் பெரிதானால் இதழ் பெரிது. இதழ் பெரிதானால் அதில் எழுதிய எல்லாருமே பெரியவர்கள், தொண்டையில் ஒரு சத்தமும் வராதவர்கள் உட்பட. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பதைக் கணிதமாக்கிவிட்டதாகக் குழுத் தலைவர் பெருமைப்பட்டுக்கொண்டார். அதன் பிறகு அறிவு வளர்ந்த வேகத்தைச் சொல்லி மாளாது. பாசி இதழும் காளான் இதழும் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒன்றை ஒன்று மேற்கோள் காட்டின. இரண்டு அலுவலகங்களும் மதியம் முழுக்கத் தவளைக் குளம்போல ஒலித்தன. தன் பழைய கட்டுரைகளையே மேற்கோள் காட்டித் தனக்குத் தானே விக்கல் வரவழைத்துக்கொண்ட ஒருவருக்கு விலா பிடித்துக்கொண்டு மருத்துவ விடுப்பு தர வேண்டியிருந்தது. வேலைக்கான நேர்காணலில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, விண்ணப்பித்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு தகரத் தட்டைத் திடீரென்று கீழே போட்டார்கள். பயந்து விக்கல் நின்றால் அது அவசரமாகத் தின்றதால் வந்தது, ஆளை அனுப்பிவிடலாம். நிற்காவிட்டால் புலமை.

நத்தையார் என்று எல்லாரும் கூப்பிட்ட மனிதர், நத்தைகளைப் பற்றிய காலாண்டிதழின் ஆசிரியர். அவருடைய அறை தரைத்தளத்தில், சைக்கிள் கொட்டகையைப் பார்த்த ஜன்னலோடு இருந்தது. அதில் கண்ணாடித் தொட்டிகளும், ஈர வாசனையும், யாரும் வாங்காத பழைய இதழ்க் கட்டுகளும் இருந்தன. இதழின் விக்கல் எண் சுழியத்துக்குப் பக்கத்தில் எங்கோ கிடந்தது. நத்தை தன் உடைந்த ஓட்டை எப்படி ஒட்டவைத்துக்கொள்கிறது என்று பாதி வாழ்க்கையைச் செலவழித்து அவர் எழுதியதற்கு ஒரே ஒரு விக்கல்கூட வந்ததில்லை. அதைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லிக்கொள்வார். ஆனால் எப்போதாவது சோற்றை வேகமாக அள்ளிப் போட்டு, அதனால் வந்த விக்கலைத் தண்ணீர் குடித்து நிறுத்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொள்வார். பல் டாக்டரான அவர் மனைவி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல எழுந்து போய்விடுவாள்.

அந்தப் புகழ்பெற்ற கட்டுரையைக் கொண்டுவந்தவர் அவளுடைய தம்பி. இதழில் அந்தக் காலாண்டுக்குப் பக்கம் நிரம்பவில்லை. தம்பிக்கோ நிலையத்தில் வேலை நிரந்தரமாகவில்லை. ஆளுக்கொரு தேவை. "என் தம்பிதானே, போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?" என்றாள் மனைவி. நத்தையார் சோதனையைப் பார்க்கப் போனார். தொட்டிக்குப் பக்கத்தில் மைத்துனர் முகத்தை வைத்தால் நத்தைகள் எல்லாம் கொம்பை நீட்டிக்கொண்டு அவர் பக்கம் ஊர்ந்து வந்தன. வேறு யார் வைத்தாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நத்தையின் கண்ணுக்கு வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரிவதே பெரிய விஷயம் என்பது நத்தையாருக்குத் தெரியும். குப்பைக்கூடையில் வெள்ளரிக்காய்த் தோல் கிடந்ததும், மைத்துனருக்குச் சதா வெள்ளரிக்காய் கடிக்கும் பழக்கம் உண்டு என்பதும் தெரியும். தெரிந்துதான் அச்சுக்கு அனுப்பினார். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. முதல் விக்கல் மைத்துனருக்குப் பல் துலக்கும்போது வந்தது. எங்கோ ஒரு பேராசிரியர் இந்தக் கட்டுரை பச்சைப் பொய் என்று எழுதியிருந்தார். அடுத்தவர், எழுதியவர் நத்தையைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்றார். மூன்றாமவர் இருவருமே சரியாகத் திட்டவில்லை என்று திட்டினார். புகழ்ந்தாலும் ஒரு விக்கல், காறித் துப்பினாலும் ஒரு விக்கல். தொண்டைக்குத் தராதரம் தெரியாது, குழுவுக்கும் தெரியாது. பிறகு திட்டுவதற்குக்கூட அவசியம் இல்லாமல் போயிற்று. எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதால் எல்லாரும் காட்டினார்கள். தேனீயைப் பற்றி எழுதியவர்களும், மறதி நோயைப் பற்றி எழுதியவர்களும், கடிகார முகப்பைப் பற்றி எழுதிய ஒருவரும்கூட அதைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆள் இளைத்தாலும் மைத்துனருக்கு முகராசிக்காரர் என்று பெயர் வந்தது. நேர்காணலில் ஒரு தட்டு போதாதென்று அடுக்கடுக்காகப் பாத்திரங்களைப் போட்டுப் பார்த்தார்கள், விக்கல் அசையவில்லை. இயக்குநர் நாற்காலி அவருக்கென்று ஒருமனதாக முடிவாயிற்று. நத்தைப் பத்திரிகை விக்கல் எண் பட்டியலின் உச்சிக்குப் போனது. நத்தையாருக்கு மேல்மாடியில் கம்பளம் விரித்த அறை கிடைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் நடக்கச் சுகமாகவும் இருந்தது.

இப்படியே போயிருந்தால் எல்லாருக்கும் நல்லதுதான். ஆனால் முகராசிக்காரரின் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி, வேரில் சீழ் பிடித்தது. அக்காவின் மருத்துவமனை நாற்காலியில் வந்து சாய்ந்தார். அவள் விளக்கை இழுத்து, ஊசியை எடுத்து, ஈறைத் தொடப் போகும்போதெல்லாம் தலை துள்ளியது.

"அசையாம இருடா."

"நான் எங்கக்கா அசையறேன்? விக்... அவங்கதான் அசைக்கறாங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஆள் மயங்கினார், விக்கல் மயங்கவில்லை. கத்தி வைக்க வேண்டிய இடம் இப்படிக் குதித்தால் பல்லுக்குப் பதில் நாக்கு வந்துவிடும் என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். சில நாளில் கன்னம் பந்துபோல வீங்கிக் கழுத்துப் பக்கம் இறங்கத் தொடங்கியது. சீழ் இன்னும் இறங்கினால் மூச்சுக்குழாய் அடைத்துவிடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருந்தால் பயந்திருப்பார்கள்; அவள் டாக்டர் என்பதால் யாரும் சொல்லாமலே பயந்தாள். அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் தம்பியையும் கணவரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள்.

"அந்தக் கட்டுரை பொய்னு உங்களுக்குத் தெரியும்ல?"

நத்தையார் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே தலையாட்டினார்.

"அப்ப அதை வாபஸ் வாங்குங்க. இல்லாத கட்டுரையை எவன் மேற்கோள் காட்டுவான்? ஒரு பத்து நிமிஷம் இவன் வாய் சும்மா இருந்தா போதும், நான் பல்லை எடுத்திடுவேன்."

"மாமா, அத மட்டும்... விக்... செஞ்சிடாதீங்க." வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு முகராசிக்காரர் கெஞ்சினார். "விக்கல் நின்னா அப்புறம் நான் யாரு?"

"உயிரோட இருக்கறவன்," என்றாள் அக்கா.

அவர் அதைப் பெரிய தகுதியாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நத்தையார் மாடிக்குப் போய்ப் படுத்தார். கம்பளம் போகும், பட்டியல் போகும், பொய்யென்று தெரிந்தே அச்சிட்டவன் என்ற பெயர் வரும். சுற்றிச் சுற்றி யோசித்தார். ஒவ்வொரு முறையும் யோசனை ஒரு வட்டம் முடிக்கும்போது பக்கத்து அறையிலிருந்து, அன்றிரவு அங்கேயே தங்கிவிட்ட மைத்துனரின் விக்கல் கேட்டது. இடையிடையே அவர் மூச்சு இழுத்த சத்தமும் கேட்டது. அந்த மூச்சு நத்தையாருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, அடுத்த இதழுக்காகச் சின்னதாக ஓர் அறிவிப்பு எழுதினார். நத்தைகள் முகத்தை அடையாளம் காணவில்லை, வெள்ளரிக்காயை அடையாளம் கண்டன. கட்டுரையை அச்சிடும்போதே இது இதழாசிரியருக்குத் தெரியும். அவர் கட்டுரையாளரின் அக்காள் கணவர். கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. கீழே தன் பெயரைப் போட்டார். மெய்ப்பு பார்த்தவர் இதில் அச்சுப்பிழை எதுவும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டார்.

இதழ் வெளியானது. விக்கல் நிற்கவில்லை. கட்டுரையைத்தான் யாரும் படித்ததில்லையே, அது வாபஸ் ஆனதை மட்டும் எப்படிப் படிப்பார்கள்? ஒருவருடைய மேற்கோள் பட்டியலைப் பார்த்து இன்னொருவர் எழுதி, அவரைப் பார்த்து அடுத்தவர் எழுதி, செத்துப்போன கட்டுரை முன்னைவிட ஆரோக்கியமாக உலகம் சுற்றியது. பல் டாக்டர் கணவரோடு பேசுவதை நிறுத்தினாள். தம்பிக்கு வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. கஞ்சியைக் குழாய் வைத்து உறிஞ்சினார், அதிலும் பாதி விக்கலில் சட்டைக்குப் போனது. கடைசியில் அவள், ஆனது ஆகட்டும், தலையை நாற்காலியோடு பட்டை போட்டுக் கட்டிவிட்டுப் பல்லைப் பிடுங்கிவிடுவது என்று முடிவெடுத்தாள். தப்பினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் நின்ற செவிலிக்குக்கூடச் சொல்லவில்லை.

நத்தையார் வெளியே காத்திருப்போர் பெஞ்சில், பல் துலக்கும் முறையைக் காட்டிய படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உள்ளே விக்கல் ஒன்று கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு இடைவெளி நீண்டுகொண்டே போனது. அவர் எழுந்து கதவருகே நின்றார். அந்த நேரத்தில் எங்கெங்கோ இருந்த அறிஞர்கள், தான் செய்த தப்பைத் தானே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஓர் இதழாசிரியர் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அறிவுலகில் அப்படியொரு பிராணி இதுவரை பதிவாகவில்லை என்று ஒருவர் எழுதினார். உடனே எல்லாரும் பழைய கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த அறிவிப்பை மேற்கோள் காட்ட ஆரம்பித்தார்கள். கதவருகே நின்ற நத்தையாரின் வயிற்றுக்கு மேலே ஏதோ ஒன்று சுண்டி இழுத்தது. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"விக்."

உள்ளே பல் டாக்டர், சத்தம் தம்பியிடமிருந்து வந்ததாக நினைத்து ஊசியைப் பின்னால் இழுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவன் தொண்டை அசையாமல் இருந்தது. மறுபடியும் சத்தம் கேட்டது. தொண்டை அப்போதும் அசையவில்லை. கதவைப் பார்த்தாள். பிறகு வேறு எதையும் பார்க்காமல் ஊசியைப் போட்டு, பல்லை ஆட்டிப் பிடுங்கி, சீழை வடித்து, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள். வெளியே வந்தபோது முகக்கவசம் நனைந்திருந்தது. நத்தையார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தோள் குலுங்க நின்றுகொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பல நாள் கழித்து அவரோடு பேசவும் செய்தாள். "மெதுவா குடிங்க."

பத்திரிகையை இழுத்து மூட வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்துக் குழு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததில், அறிவிப்பு என்பது கட்டுரை அல்ல என்பதால் வகுக்கிற எண்ணில் அதைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. அதற்காக வந்த விக்கலைக் கூட்டுகிற எண்ணில் சேர்க்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. விக்கல் எண் முன்னைவிட இரண்டு மடங்கானது. தொண்டை ஓய்ந்துபோன முகராசிக்காரரை இயக்குநர் பதவியிலிருந்து விடுவித்து, நத்தையாரை உட்கார வைத்தார்கள். ஏற்புரை வழக்கம்போல அமைந்தது. வெற்றியின் ரகசியம் புரிந்த மற்ற இதழ்கள் தாங்களும் வருந்துவதற்கு வசதியாகப் பொய்க் கட்டுரைகளைத் தேடித் தேடி வெளியிட்டு, சூடு ஆறுவதற்குள் வாபஸ் வாங்கி மன்னிப்புக் கேட்டன. உண்மையான கட்டுரை எழுதி வைத்திருந்தவர்களுக்கு, இதில் வருந்த என்ன இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

முகராசிக்காரர் முதலில் கொஞ்ச காலம் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, வராத விக்கலுக்காகக் காத்திருந்தார். பிறகு பசி வந்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதை அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. கன்னம் இரண்டு பக்கமும் சமமாகப் பூரித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு வந்து, விக்கிக்கொண்டிருக்கும் இயக்குநரின் முதுகைத் தடவிவிடுவார். "பழகிடும் மாமா," என்பார். குரலில் கொஞ்சம் பொறாமையும் இருக்கும்.

நத்தையாரும் பழகிக்கொண்டார். இரண்டு விக்கலுக்கு நடுவே ஒரு வாய் சோறு, நான்கு விக்கலுக்கு நடுவே ஒரு வாக்கியம். பல் டாக்டர் அந்த வாக்கியங்களின் பாதியைக் கேட்டே மீதியைத் தெரிந்துகொண்டாள். ஒருநாள் நிலையத்தோடு சம்பந்தமில்லாத, புதிதாகப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் அவர் பொறுக்கமாட்டாமல் சிரித்தபடி சொன்னார்: "சாரை யாரோ ரொம்ப நினைக்கறாங்க போலிருக்கே."

"நினைக்கறதெல்லாம் இல்லைங்க," என்றாள் பல் டாக்டர், விருந்தாளியின் தட்டில் காயைப் பரிமாறிக்கொண்டே. "பேரை எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிடறாங்க."

பக்கத்து வீட்டுக்காரர், அப்படியா என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, தண்ணீர்ச் சொம்பை நத்தையாரின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.