ஸ்கிரீன் வண்டியில் தொங்காத துண்டு

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. சுபலட்சுமி கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாமல் எழுதுகிறேன். சிம்மக்கல்லில் குவாரிகளுக்குச் சல்லடை வலை விற்கிற கடை எனக்கு. ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். அவள் கணவன் அழகுபாண்டி, தான் வேலை பார்த்த குவாரிக்கு என்னிடம்தான் வலை வாங்குவான். பேரம் பேசியே உயிரை எடுப்பான். (இந்தச் சொல் இன்றைக்கு வந்திருக்கக் கூடாது. அதை அடித்து நீக்கவும் மனம் வரவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'திருமங்கலம் தாண்டி, ராட்சதனைப் போல நின்ற அந்த...'

வேண்டாம். அது ராட்சதன் இல்லை. சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்துபோய், உடைத்த கல்லைக் குலுக்கிச் சலித்து, பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, தூசி என்று பிரித்துக் கொட்டுகிற இயந்திரம். குவாரியில் அதை ஸ்கிரீன் வண்டி என்பார்கள். மழைக்காலத்தில் ஈரமண் வலைக்கண்ணை அடைத்துக்கொள்ளும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். இறங்குகிறவர் தன் துண்டைச் சுவிட்சுப் பெட்டியில் தொங்கவிட்டுப் போவார். துண்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். இல்லாவிட்டால் ஓட்டலாம்.

(பெட்டியைப் பூட்ட வண்டியோடு ஒரு பூட்டும் வந்தது. அது குவாரி முதலாளி வீட்டில் பத்திரமாக இருந்தது.)

3

அன்று அழகுபாண்டியிடம் துண்டு இல்லை. சேறு அப்பியிருந்ததென்று சுபலட்சுமி துவைத்துப் போட்டிருந்தாள். மழையில் காயவில்லை. அவன் வெறுமனே உள்ளே இறங்கினான். வண்டி ஓட்டுகிற நாகூர் கனி டீ குடித்துவிட்டு வந்தான். பெட்டியைப் பார்த்தான். பொத்தானை அழுத்தி

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

4

கனியை வில்லனாக்கத்தான் முதலில் பார்த்தேன். செல்போன் பேசிக்கொண்டே அழுத்தினான் என்று எழுதி, அடித்துவிட்டேன். சுபலட்சுமியின் சொந்தக்காரர்களும் அவன் பார்க்காமல்தான் அழுத்தினான் என்கிறார்கள். ஆனால் அவன் என் கடைக்கே வந்து அழுதான்.

"துண்டு இல்லண்ணே. பாத்துட்டுத்தான் அமுக்குனேன். அழகுபாண்டி என்னைய வாய் நெறைய மாப்ள மாப்ளம்பாருண்ணே."

அவன் சொன்னதை நான் நம்புகிறேன். அதுதான் பெரிய வேதனையாக இருக்கிறது.

5

நேற்று சுபலட்சுமி வந்தாள்.

"அண்ணே, துண்டு கொண்டு போயிருந்தா அவரு இருந்திருப்பாரா? இல்ல, கனி பாக்காமத்தான் அமுக்குனாரா? வண்டியப் பத்தி ஒங்களுக்குத் தெரியும்ல?"

"பூட்டக் குடுக்காத முதலாளியக் கேளும்மா."

"அவர விடுங்கண்ணே. நான் கேட்டது அது இல்ல. துண்டத் தொவச்சது நான்."

நான் கல்லாவைத் திறந்து மூடினேன். "நாளைக்கு வாரேன்" என்று போய்விட்டாள்.

6

இரண்டு முடிவுகள் எழுதியிருக்கிறேன். ஒன்றில் கனி பார்க்கவே இல்லை. துண்டு தொங்கியிருந்தாலும் அழுத்தியிருப்பான். அவள் கொஞ்சமாவது தூங்குவாள். அவன் ஊருக்கு முன்னால் கொலைகாரனாவான். இன்னொன்றில் கனி பார்த்தான். அவன் மறுபடி வேலைக்குப் போவான். அவள் இனி எந்தத் துணியை நனைத்தாலும்...

மூன்றாவதாக ஒன்றும் எழுதினேன். அதில் நல்ல வெயில், துண்டு காய்ந்துவிடுகிறது. எழுதும்போதே அழுகை வந்தது. கிழித்துவிட்டேன்.

அவள் வந்துவிட்டாள். கல்லாவுக்கு எதிரே நிற்கிறாள். பொய் சொன்னால் கனி போய்விடுவான், உண்மை சொன்னால் இவள் போய்விடுவாள். இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கும் எனக்குத் தெரிந்ததெல்லாம் தெரியும். நான் வலை எடுக்கிற சாக்கில் உள்ளே போகிறேன்.

உங்களிடம்தான் கேட்கிறாள். சொல்லுங்கள், கனி பார்த்தானா?