மூன்றுக்கு மேல் ஏறாத கை

துண்டுக்குள் எதுவோ புரள்கிறது, சாக்கில் போட்டுக் கட்டிய பூனைக்குட்டி மாதிரி, வெள்ளைத் துணி ஒரு பக்கம் உப்புகிறது, அடங்குகிறது, மறுபக்கம் கூராக முட்டி நிற்கிறது, வெளியே இரண்டு முழங்கைகள் மட்டும் தெரிகின்றன, ஒன்று என்னுடையது, மற்றது மாடு வாங்க வந்தவனுடையது, அவன் வானத்தைப் பார்க்கிறான், நான் மாட்டின் வாலைப் பார்க்கிறேன், ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் இரண்டு முகத்திலும் அசைவு கிடையாது, எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்லும் வழக்கமில்லை, துண்டுக்கடியில் கையை விட்டு எதிராளியின் விரலைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும், ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கை முழுக்கப் பிடித்தால் ஐந்து, சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேரின் தோலுக்குள்ளேயே இருக்கும். எனக்கு வாய் என்பது சோறு தின்னவும் பொய் சொல்லவும்தான், உண்மை பேசியதெல்லாம் வலது கை, அந்த ஐந்து விரலை வைத்து இருபத்தாறு வருடம் தரகு பார்த்தேன், வீடு கட்டினேன், மொசைக் தரை போட்டேன், அந்தத் தரையில்தான் கொசுறு மோண்டது.

கொசுறு ஒரு எருமையோடு வந்தது. சென்னியப்பன் என்று ஒரு மாட்டு வியாபாரி, என்னை மாப்ள என்பான், நான் அவனைத் திருடா என்பேன், இரண்டும் பாசத்தில்தான், அவனிடம் எருமை வாங்கியபோது இன்னும் ஏதாச்சும் சேத்திக் குடுடா என்று கேட்டேன், கேட்காமல் வந்தால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது, அவன் வண்டிக்கடியில் கிடந்த செம்பட்டை நாய்க்குட்டியைப் பிடரியோடு தூக்கி, இந்தா மாப்ள, இதுக்கும் நாலு காலுதான், கொண்டுட்டுப் போ என்றான். எருமை பின்னால் நடந்து வந்தது, நாய்க்குட்டி என் தோளில் துண்டுக்குள் தூங்கிக்கொண்டே வந்தது, எதைக் காசு கொடுத்து வாங்கினேன் எதைச் சும்மா வாங்கினேன் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். முதல் நாள் மாலையே ஆசாரத்தில், முன்கூடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர், நாற்காலியிலிருந்து நழுவிக் கிடந்த அதே துண்டின்மேல் குந்திக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, மோண்டது.

பிடரியைப் பிடித்து மூக்கை அந்த ஈரத்தில் வைத்துத் தேய்த்தேன், மொசைக் தரையில் மூக்கு தேய்கிற சத்தம், ஈரத்துண்டைக் கயிறாக முறுக்கினேன், முறுக்கிய துண்டுக்குச் சாட்டையைவிடக் குரல் அதிகம், தசையில் விழும்போது பளார் என்று சொல்லிவிட்டுத்தான் விழும், குட்டி சுவரில் மோதித் திரும்பி என் காலுக்கே வந்தது, அடிப்பவன் காலுக்கே வருகிற அறிவு, மறுபடி அடித்தேன். மயிலாத்தாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள், என் பெண்டாட்டி, பேச்சு குறைச்சல், கணக்கு அதிகம், ஏனுங்க, பொறந்து நாப்பது நாளு ஆகலீங்க அது, உங்க சந்தை மாடுங்களா என்றாள், மாடு நம்ம ஆசாரத்துல வந்தா மோளுது, நீ உள்ள போ புள்ள என்றேன், அவள் போகவில்லை, துணியை எடுத்து வந்து துடைத்தாள், துடைக்கும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

அடித்தே வளர்த்தேன் என்று சொல்ல முடியாது, நயமாகவும் பேசிப் பார்த்தேன், டீக்கடைகளில் நாய்க்குப் போடுகிற பொறை ஒரு பொட்டலம் வாங்கி வந்து, ஒன்றை விரல் நுனியில் காட்டி, உக்காரு என்றேன், உட்கார்ந்தது, கொடுத்தேன், இரண்டாம் நாள் ஒன்றைக் காட்டினேன், அது பார்த்தது, திரும்பி நாலடி நடந்தது, வாங்க வந்தவன் நாலடி நடந்தால் கூப்பிட்டு விலையை மாற்றிப் பழகிய கை இது, தன்னாலேயே இரண்டாவது பொறை வெளியே வந்துவிட்டது, அது திரும்பி வந்து உட்கார்ந்தது. மூன்றாம் நாள் இரண்டுக்கு அசையவில்லை, வாசல்படி வரை நடந்து, காதை மட்டும் பின்னால் திருப்பி நின்றது, மூன்றைக் காட்டினேன், வாரக் கடைசியில் பொட்டலத்தையே கீழே வைத்துவிட்டு உக்காரு சாமி என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது யோசித்துக்கொண்டிருக்கிறது. மயிலாத்தாள் தூணுக்குப் பின்னால் நின்று சிரித்தாள், சந்தையில உங்களை ஒருத்தரும் செயிச்சதில்லைன்னு சொல்வீங்க, வூட்டுக்குள்ளயே ஒருத்தன் வந்துட்டானுங்க என்றாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அன்று அடித்தேன், இப்போது சொல்வதில் வெட்கமென்ன, நாய் செய்ததற்காக இல்லை, நாயிடம் விலையில் தோற்றதற்காக, துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டு அடித்தேன், முடிச்சு கண்ணில் பட்டது, இரண்டு நாள் அந்தக் கண் திறக்கவில்லை, மூன்றாம் நாள் திறந்தபோது உள்ளே ரத்தம் கட்டியிருந்தது, அந்தச் சிவப்புக் கண்ணால் என்னைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தது, தோளில் கிடந்த துண்டைப் பார்த்தது.

பிறகு ஒரு துளி மூத்திரம் வீட்டுக்குள் விழவில்லை. துண்டு தோளைவிட்டு இறங்கினாலே போதும், கட்டிலுக்கடியில் போய் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொள்ளும், மோள வேண்டுமென்றால் கதவுக்குப் போய் நின்று முனகும், சந்தையில் நான் நாய் வளர்ப்பில் புலியாகிவிட்டேன், ரெண்டு சாத்து சாத்துனா மனுஷனே வழிக்கு வர்றான், நாயி என்னத்துக்கு ஆவுது என்று சொல்லுவேன், கேட்டவர்கள் தலையாட்டினார்கள், தலையாட்டாதது சென்னியப்பன் மட்டும், எனக்கு என்னமோ அது உன்னையப் பாத்து நடக்கலைன்னு தோணுது மாப்ள, துண்டைப் பாத்து நடக்குது என்றான். துண்டு வேற நான் வேறயாடா என்று கேட்டேன். சிரித்தோம்.

பங்குனி வெயில், காலை எட்டு மணி, என் வீட்டு வாசலில் ஒரு சோடி காங்கேயம் காளை நிற்கிறது, ஊர்க்காரர் ஒருவர் விற்றுத் தரச் சொல்லி விட்டிருந்தார், சென்னியப்பன் வாங்க வந்திருக்கிறான், பல்லைப் பிரித்துப் பார்த்தான், வாலை முறுக்கிப் பார்த்தான், கொம்பைத் தட்டினான், சொல்லு மாப்ள என்று கையை நீட்டினான். கொசுறுக்கு அப்போது ஒரு வயது, இடுப்புயரம், வண்டி நிழலில் படுத்திருக்கிறது, கட்டவில்லை, நான் தோளிலிருந்து துண்டை உருவினேன், உருவும்போது ஒரு உதறு உதறுவேன், தரகன் கை தானாகச் செய்வது, பளார் என்று சத்தம் வந்தது, துண்டை இரண்டு கையின் மேலும் போட்டுக்கொண்டோம், அவன் வானத்தைப் பார்த்தான், நான் காளையின் திமிலைப் பார்த்தேன், நான்கு கேட்பதற்காக விரலை நகர்த்தினேன், துணி புரண்டது, அப்போது துணியோடு சேர்த்து என் கையை ஏதோ மூடியது, சூடாக, ஈரமாக, பிறகு உள்ளே இறங்கியது. குலைக்கவில்லை, உறுமவில்லை, நான்தான் அதை அடித்து அடித்துச் சத்தம் போடாமலிருக்கப் பழக்கியிருந்தேன்.

நானும் சத்தம் போடவில்லை. இதைச் சொன்னால் டாக்டர்கூட நம்பவில்லை, இருபத்தாறு வருடம், துண்டுக்குள் கை இருக்கும்போது என்ன நடந்தாலும் முகம் காட்டக்கூடாது என்று பழகிய முகம் அது, எலும்பு உடைகிறது, முகம் திமிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வலியில் என் கை சென்னியப்பனின் ஐந்து விரலையும் சேர்த்து நெரித்தது, அவன் வானத்தைப் பார்த்தபடியே, ஏண்டா மாப்ள இப்பிடி நெரிக்கிற, சரி போ, அஞ்சே வெச்சுக்க, முடிஞ்சுது என்றான். துண்டு சிவந்தது. கீழே பார்த்தான், அடப்பாவி என்றான், கொசுறின் விலாவில் உதைத்தான், நான் இடது கையால் முளைக்குச்சியைப் பிடுங்கி அதன் முதுகில் அடித்தேன், மறுபடி அடித்தேன், அடிக்க அடிக்கத் தாடை இறுகியது, அது துண்டை உதறியது, முன்பு நான் உதறியதுபோலவே, கரும்பு ஒடிகிற சத்தம் ஒன்று கேட்டது, பிறகு துண்டு அதன் வாயிலும் நான் தரையிலும் இருந்தோம், காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின, மயிலாத்தாள் என் பெயரைச் சொல்லவில்லை, அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அது துண்டைப் போட்டுவிட்டு அவள் காலடியில் போய் உட்கார்ந்தது, உக்காரு என்று அவள் சொல்லக்கூட இல்லை.

சுண்டுவிரலை நாய் வைத்துக்கொண்டது, மோதிரவிரலை டாக்டர் எடுத்துக்கொண்டார், ஊசி போட்டார், நாயைக் கொன்னுடாதீங்க, பத்து நாள் கட்டி வெச்சுப் பாருங்க, அதுக்கு வெறி இருக்கான்னு தெரியணும் என்றார், பத்து நாளைக்கப்புறம் என்று கேட்டேன், கட்டுப் போடுவதை நிறுத்தாமல், அது உங்க பாடு என்றார். பத்து நாள், நான் கட்டிலில், அது வேப்பமரத்தடியில் சங்கிலியில், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வெறி இருக்கிறதா என்று நான் அதைப் பார்த்தேன், அது என்னை எதற்குப் பார்த்ததோ, கண் மூடினால் போன விரல் அரிக்கிறது, அது நாயின் வயிற்றுக்குள் இருந்துகொண்டு யாருடனோ விலை பேசுகிறது, ஏற்றுகிறது, இறக்குகிறது, படிய மாட்டேனென்கிறது, விழித்தால் வெயில், சங்கிலிச் சத்தம், எப்படிக் கொல்வது என்று யோசித்தேன், கயிறா, குழியா, கடப்பாரையா, ஒவ்வொன்றையும் முழுதாகச் செய்து பார்த்தேன், ஒவ்வொன்றிலும் கடைசியில் கேட்டது அந்தக் கரும்பு ஒடிகிற சத்தம்தான். ஏழாம் நாள் சென்னியப்பன் பழம் வாங்கிக்கொண்டு வந்தான், சந்தையில உனக்குப் பேரு வெச்சாச்சு மாப்ள, மூணுக்கு மேல ஏறாத தரகன் என்றான், சிரிக்க முயன்றேன், அவன் கண் கலங்கியிருந்தது, இடக்கைய நீட்டுனா எவன் தொடுவான், அபசகுனம்பான், அச்சானியம்பான் என்று தனக்குத்தானே சொன்னான், போகும்போது, கடிச்சு ருசி பாத்த நாயி, சுருக்குக் கம்பி வெச்சிருக்கற ஆளு ஒருத்தன் இருக்கான், அனுப்பட்டா என்றான். வேண்டாம், நானே முடிச்சுக்கறேன் என்றேன்.

பதினொன்றாம் நாள் உச்சிவெயில், கடப்பாரையை இடது கையில் எடுத்துக்கொண்டேன், துண்டை எடுத்துத் தோளில் போட்டேன், கறை போகாத அதே துண்டு, துண்டில்லாமல் எனக்கு வாசல் இறங்கத் தெரியாது, வேப்பமரத்தடியில் சங்கிலி மட்டும் கிடந்தது. நான் கடப்பாரையை எடுத்து வருவதற்குள் மயிலாத்தாள் அதை வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டாள். கதவின் குறுக்கே நின்றாள், கைய எடு புள்ள என்றேன், எடுக்கறனுங்க, அதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்குங்க என்றாள், அது வெளிய போகப் பழகுனது உங்க துண்டாலன்னு நெனச்சுட்டு இருக்கறீங்க, ஒவ்வொரு நேரமும் அது தின்னு முடிச்சதும் மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி நிப்பனுங்க, வெயில்லயும் நிப்பேன், மழையிலயும் நிப்பேன், போச்சுன்னா ஒரு பொறை, ஒண்ணுதான், அது நாலடி நடந்தாலும் நாப்பதடி நடந்தாலும் ஒண்ணுதான், ஏத்துனதுமில்லை, எறக்குனதுமில்லை, உக்காரறதும் கை குடுக்கறதும் அப்பிடித்தான் கத்துக்கிச்சு, உங்ககிட்ட அது கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, துண்டு எறங்குனா அடி உழுகும்ங்கறது, அன்னிக்கு அது உங்களைக் கடிக்கலீங்க, துண்டைக் கடிச்சுது, உள்ள உங்க கை இருந்துச்சு. இத்தனை வார்த்தை அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. வழியை விட்டாள்.

ஆசாரத்தின் மூலையில் நின்றது, மொசைக் தரையில், முதுகில் முளைக்குச்சியின் தழும்பு மூன்று, என்னைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தது, பார்த்ததும் நின்ற இடத்திலேயே மோண்டது, ஒரு வருடம் கழித்து, காலிடுக்கில் ஒழுகித் தரையில் ஓடி என் பாதம் வரை வந்தது, சூடாக, நான் ஓங்கினேன், இடது கைக்குக் குறி தெரியவில்லை, கடப்பாரை அதன் காதை உரசித் தரையில் இறங்கியது, மொசைக் பிளந்து சில்லு தெறித்து என் நெற்றியைக் கிழித்தது, ரத்தம் கண்ணில் வழிகிறது, மறுபடி ஓங்கினேன், அது ஓடவில்லை, பல்லைக் காட்டவில்லை, உட்கார்ந்தது, ஈரத்திலேயே உட்கார்ந்தது, உட்கார்ந்து வலது முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்திருந்தது, அவள் சொல்லிக் கொடுத்ததில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஓங்கிய வேகத்தில் துண்டு தோளைவிட்டு நழுவி அதன் காலில் விழுந்தது, அது நடுங்கியது, காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை, நீட்டிய கைக்கு மேல் துண்டு விழுந்தால் என் கை சும்மா இருக்குமா, கட்டுப் போட்ட வலது கை, நான் கேட்காமலே, தன்னாலே துண்டுக்கடியில் போனது.

உள்ளே மூன்று விரலுக்கு நான்கு விரல் கிடைத்தது, நகமும் மெத்தையுமாக, ஈரமாக, ஒவ்வொன்றாகப் பிடித்தேன், ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கு மேல் எனக்கு ஏறவில்லை, அது சுவரைப் பார்த்தது, நான் கதவைப் பார்த்தேன், கடப்பாரை எப்போது கீழே போனது என்று தெரியவில்லை. என்ன விலைக்கு முடிந்தது என்று மயிலாத்தாள் அன்றைக்கும் கேட்டாள், பிறகும் கேட்டாள், துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்வதில்லை. துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தேன், முட்டி போட்டு, மூன்று விரலால், பிழிந்து பிழிந்து துடைத்தேன், நெற்றி ரத்தமும் அதில்தான் போனது, அந்தத் துண்டை அதற்குப் பிறகு தோளில் போடவில்லை, மூலையில் கொசுறுக்குப் படுக்கையாகப் போட்டேன், ஒரு மாதம் கிட்டே வரவில்லை, பிறகு ஒருநாள் மோந்து பார்த்தது, பிறகு சுற்றிச் சுற்றி வந்து படுத்தது. சந்தைக்குப் போவதை விட்டேன், மூன்று வேளையும் மரத்தடியில் நின்றேன், ஒரு பொறை, ஏற்றாமல், இறக்காமல், பதினோரு வருடம் நின்றேன், அது செத்தபோது அந்தத் துண்டிலேயே சுற்றிப் புதைத்தேன், இப்போதும் கண் அசந்தால் மண்ணுக்கடியில் வெள்ளைத் துணி ஒரு பக்கம் உப்புகிறது, அடங்குகிறது, என் முழங்கை வெளியே தெரிகிறது, கொசுறு வானத்தைப் பார்க்கிறது, நான் அதன் சிவப்புக் கண்ணைப் பார்க்கிறேன், முகத்தை மறைக்க எனக்கு வரவில்லை, மூன்று விரலையும் அதன் கையில் விட்டுவிட்டு, நீயே சொல்லு சாமி என்கிறேன்.