அற்புதமேரியின் முகம்

சுவக்கீன் கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டியதும், இருபது வருஷத்துக்கு முன் காமாலையில் செத்துப்போன அற்புதமேரி திரையில் பளிச்சென்று சிரித்தாள். சகாயம் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கிட்டத்தில் பார்த்தான். முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அது அவன் பெண்டாட்டி இல்லை.

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இருக்கிறது சுவக்கீனின் வீடியோ கடை. தேயிலை எஸ்டேட்டில் ஞானஸ்நானமோ அடக்கமோ, எதுவானாலும் அவன் கேமராதான். சகாயத்தின் மகள் சோனாவுக்கு வருகிற சனிக்கிழமை கல்யாணம். பாரிஷ் ஹாலில் பெரிய திரை கட்டி அம்மாவை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். காட்ட என்ன இருந்தது? கல்யாண ஆல்பத்தை, வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டின் ஈரமும் பூஞ்சையும் எப்போதோ தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியது, அற்புதமேரியின் தம்பி பட்டன் போனில் எடுத்த ஒரு துண்டு வீடியோ. மாதா சப்பரத்துக்குப் பின்னால் கைக்குழந்தை சோனாவோடு வருகிறாள், யாரோ கூப்பிடத் திரும்பிச் சிரிக்கிறாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக நாலைந்து நிறங்கள், அவ்வளவுதான்.

அதைப் பெரிதாக்கித் தெளிவாக்கி, ஹால் திரைக்குத் தக்கபடி புது வீடியோவாக மாற்றித் தருவதாகச் சுவக்கீன் ஏற்றுக்கொண்டான். இல்லாத முகத்தை மென்பொருள் எங்கே போய்த் தேடும்? ஒரு தடவை மூக்கில்லாமல் வந்தது. இன்னொரு தடவை கண் நெற்றிக்கு ஏறிவிட்டது. அலுத்துப்போய், மாதிரிக்கென்று ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டான்.

"சோனா போட்டோவத்தாண்ணே குடுத்தேன். அவ அம்மாவ உரிச்சு வச்சிருக்கான்னு லயமே சொல்லுதுல்ல? குடுத்ததும் அப்படியே வந்து உக்காந்துட்டாங்க."

லயம் சொல்லத்தான் செய்தது. தாயில்லாப் பிள்ளை ஏங்கி அழும்போதெல்லாம் கொழுந்து கிள்ளும் பெண்கள் கண்ணாடியைக் காட்டி, 'இந்தா பாரு, ஒங்கம்மா' என்பார்கள். அழுகை நின்றுவிடும். அதைப் போய் எந்தத் தகப்பன் மறுப்பான்? உண்மையில் சோனா சகாயத்தின் அக்காளின் அச்சு. அற்புதமேரி வேறு ஜாடை. சிரித்தால் கண் இருக்கிற இடமே தெரியாது.

அப்போதுதான் படியேறி உள்ளே வந்த சோனா நேரே திரையருகே போய் நின்றாள். கை தன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"அப்பா, நெசமாவே என்னைய மாதிரிதாம்ப்பா இருக்காங்க! இன்னொருக்கா போடுங்கண்ணே."

சுவக்கீன் போட்டான். மறுபடியும் போட்டான். பிள்ளையின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைச் சகாயம் கண்டதே இல்லை. ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போயிற்று, யாருக்கு என்ன நஷ்டம்? தன் அற்புதமேரியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமென்று கண்ணை மூடினான். ஐயோ, அங்கேயும் இந்தத் திரைக்காரிதான் நின்றாள். அற்புதமேரி மிச்சமிருந்த ஒரே இடம் அவன் நெஞ்சு. அதையும் இவள் பிடித்துக்கொண்டால்? சட்டென்று கண்ணைத் திறந்தான்.

"நிறுத்து தம்பி. அது அம்மா இல்லம்மா. நீதான் அது."

சுவக்கீன் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். சோனா திரையிலிருந்து திரும்பினாள்.

"அப்ப எல்லாரும் சொன்னது?"

"நீ அழுத. சொன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்."

துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபம்தான். ஆனால் கேட்டது வேறு.

"அப்ப எங்கம்மா எப்படித்தாம்ப்பா இருப்பாங்க?"

"சிரிச்சா கண்ணு..." என்று தொடங்கியவன் அப்படியே நிறுத்தினான். வார்த்தை இருந்தது, முகம் வரவில்லை. தட்டுத்தடுமாறி எழுந்து, கையை விரித்துக் கவிழ்த்துத் தன் தோளுக்குக் கீழே காற்றில் பிடித்தான்.

"இந்தா, இம்புட்டு ஒசரந்தான் இருப்பா."

கை இறங்காமல் அப்படியே நின்றது. சோனா வந்து அதன் பக்கத்தில் நின்றாள். கை அவள் காதுமட்டத்துக்குத்தான் இருந்தது. மெல்ல முழங்காலை மடக்கி, கைக்கு அடியில் நகர்ந்து, உச்சந்தலை அந்த உள்ளங்கையில் முட்டும்வரை அவள் தாழ்ந்தாள்.