சுவரோடு பேசிய ரோமினா

ஆறு வயதுவரை ஒரு சொல்கூடப் பேசாத என் மகள் ரோமினா, எங்கள் ஆற்றங்கரை ஊரான பிலாரிலேயே தெரு மாறி நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மதியம் முழு வாக்கியமாகப் பேசினாள்.

"சத்தம் போடாதே ராசா. வண்டி வந்து தூக்கிட்டுப் போயிடும்."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. குரல் அவளுடையதுதான். ஆனால் அந்த இழுப்பு வேறு யாருடையதோ. வயதான ஒருத்தி அழுகையை அடக்கிக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று சொல்வதுபோல இருந்தது. ராசா என்று நான் யாரையும் கூப்பிட்டதில்லை. ரோமினா கன்னத்தைச் சுவரில் ஒட்டிவைத்தபடி, கண்ணை மூடாமல், அதையே இன்னொரு முறை சொன்னாள்.

அவள் அப்பா வில்ஃப்ரிதோ ஆற்றில் தானியப் படகு ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிடத் தண்ணீரில் இருப்பதுதான் அதிகம். போனில் சொன்னேன்.

"பேசிட்டாளா? என்ன சொன்னா?"

சொன்னேன்.

"டிவில கேட்டிருப்பா."

"நம்ம வீட்ல டிவி எங்க இருக்கு?"

வெயில் உச்சிக்கு ஏறினால் எங்கள் ஊர் கதவடைத்துப் படுத்துவிடும். நாய்கூடக் குரைக்காது. அந்த நேரத்தில்தான் பொன்முடிக் குள்ளன் யாசி யாதெரே தெருவில் திரிவான், தனியாக நிற்கும் பிள்ளையின் பேச்சைப் பறித்துக்கொண்டு விடுவான் என்பார்கள். மூலைக்கடை பிளாசிதாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

"நிமியா, உன் பொண்ணு அவன் தொட்ட பிள்ளை. பறிச்ச பேச்சை இப்பத் திருப்பித் தர்றான். என்ன, வேற யாரோடதையோ மாத்திக் குடுத்துட்டான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ரோமினா தினமும் பேசினாள், மதியத்தில் மட்டும். "மென்னு முழுங்கு." "சன்னல்கிட்டப் போகாதே." "நீ செத்துப்போயிட்டே, ஞாபகம் இருக்கா?" இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட நாளில் அவளை வாரித் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், அவள் போகும் பயிற்சி மையத்துக்கு ஓடினேன்.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் மிர்த்தா. அந்த மையத்தின் சொற்களே எனக்குப் பயம். முதன்முதலில் ரோமினாவைப் பார்த்தவர்கள் 'சொல்லற்ற நிலை' என்றபோது, உள்ளே ஒன்றுமே இல்லை என்று சொல்கிறார்கள் என்று நினைத்து வாரக்கணக்கில் அழுதேன். வாயில் சொல் வரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், புரியவில்லை என்பதல்ல என்று மிர்த்தாதான் பிறகு விளக்கினாள். இப்போதும் அவள் பதறவில்லை.

"இதுக்கு எக்கோலாலியான்னு பேரு நிமியா. எதிரொலிப் பேச்சு. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்றது. ஆட்டிசம் உள்ள நிறையப் பிள்ளைங்க இப்படித்தான் பேச ஆரம்பிக்கும். சில சமயம் கேட்ட உடனே சொல்லும், சில சமயம் நாள் கழிச்சு, வருஷம் கழிச்சு. ராகம்கூட மாறாது."

"அவளா இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டாளா?"

"மாட்டா. எங்கயோ கேட்டதுதான்."

"எங்க வீட்ல யாரும் இப்படிப் பேசினதில்ல மிர்த்தா. நீ செத்துப்போயிட்டேன்னு யாரு சொல்லுவா?"

மிர்த்தா ரோமினாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"யாரும் சொல்லாததை அவளால சொல்ல முடியாது. அப்ப யாரோ சொல்லியிருக்காங்க."

மறுநாள் மதியம் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, ரோமினாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் சுவரில் காதை வைத்தேன். அது பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச் சுவர். அங்கே ஞா சுனில்டா தனியாக இருந்தாள். கல்யாணம் ஆகாதவள், அறுபதைத் தாண்டியவள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். தெருவே மரியாதையாக 'ஞா' போட்டுத்தான் கூப்பிடும்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு செங்கல்லுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு ஆண்குரல்.

"சத்தம் போடாதே ராசா."

அதே இழுப்பு. ஆண் குரலில் ஒரு கிழவியின் பேச்சு. ரோமினா உடனே அதைத் திருப்பிச் சொன்னாள். அப்புறம் அந்த ஆள் பேசினான்:

"ரோமினா, தண்ணி குடிக்கிறியா கண்ணு? சமத்துப் பொண்ணுல்ல."

அது நான். வார்த்தைக்கு வார்த்தை நான். காலையும் மாலையும் நான் சொல்வதை, 'கண்ணு'வில் நான் ஏற்றி இறக்குவதுகூடப் பிசகாமல், பார்த்தே இராத ஒரு ஆள் சுவருக்கு உள்ளே சொல்லிக்கொண்டிருந்தான். ரோமினா சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்ச் சுனில்டாவின் கதவைத் தட்டினேன்.

தூக்க நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் கதவு தட்ட மாட்டார்கள். சுனில்டா பாதி திறந்து எட்டிப்பார்த்தாள்.

"உள்ள யாரு இருக்கா, ஞா சுனில்டா?"

"யாரு இருக்கா? நானும் என் கோழியும்தான்."

"ரோமினா சொல்றாளே."

"உன் பொண்ணுக்குத்தான் பேச்சு வராதே."

"நீ செத்துப்போயிட்டே, ஞாபகம் இருக்கா," என்றேன், ரோமினா சொன்ன அதே ராகத்தில்.

அவள் கதவைப் பிடித்தபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அது எங்கம்மா குரலு," என்றாள்.

பிறகு எழுந்து என்னை உள்ளே கூட்டிப்போனாள். அறை சுத்தமாக இருந்தது. சுவரைப் பார்த்து ஒருவர் நின்றிருந்தார். வெயிலே படாத வெளுத்த தோல், ஒட்ட வெட்டிய நகம், அன்று காலைதான் மழித்த முகம். அவள் தம்பி லிபோரியோ. சிறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனதாக ஊரே நம்பிக்கொண்டிருந்த பையன். கல்லறைத் திருநாளில் அவன் பெயர் போட்ட சிலுவைக்குப் பக்கத்தில் சுனில்டா மெழுகுவத்தி ஏற்றுவதை நானே பார்த்திருக்கிறேன்.

"இவன் சின்னப் பையனா இருக்கறப்ப எங்க தெருவுல இவனை மாதிரி ஒருத்தன் இருந்தான். பைத்தியக்கார ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏத்திட்டுப் போச்சு. திரும்பி வரவேயில்ல. அம்மா பயந்துட்டா. செத்துட்டான்னு சொல்லிக் காலிப் பெட்டியைப் புதைச்சா. எவனாவது கேட்டா நீ செத்துட்டேன்னு இவனுக்கே சொல்லிக் குடுத்தா. அம்மா போனதுக்கு அப்புறம் நான் பாத்துக்கறேன்." தோள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். "நாங்க இவனை ஐயோ பாவம்னு மட்டும்தான் சொல்லுவோம். இதுக்குப் பேரு இருக்கா நிமியா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆட்டிசமாக இருக்கலாம், மிர்த்தா பார்த்துத்தான் சொல்லணும் என்றேன். அந்தச் சொல்லை அவள் வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள மையத்திலிருந்து துணையாளர் என்று ஒருவர் வருவார் என்றதும் என் கையைப் பிடித்தாள்.

"கூட்டிட்டுப் போயிடுவாங்களா?"

"இல்ல, அவங்கதான் இங்க வருவாங்க. இளைப்பாறல் நேரம்னு ஒண்ணு இருக்கு. அவங்க இவரைப் பாத்துப்பாங்க, நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வரலாம்."

"வெளிய போயி என்ன பண்றது?"

நான் மிர்த்தாவுக்குப் போன் போட்டேன்.

மிர்த்தா வந்தாள். முதல் சில வாரங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, உள்ளே வராமல், திரும்பிப் போனாள். பிறகு லிபோரியோ கொல்லைப்புறம்வரை வந்தார். செத்தவன் எழுந்து வந்துவிட்டான் என்று பிளாசிதா எங்கள் பக்கமே வருவதை நிறுத்தினாள். இப்போதும் அவரைத் தெருவில் பார்த்தால் சிலர் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். கல்லறையிலிருந்த சிலுவையை எடுக்கச் சுனில்டா சம்மதிக்கவில்லை. கேட்டபோதெல்லாம், "இருக்கட்டும், அம்மா வச்சது," என்றாள்.

நேரில் சந்தித்தபோது ரோமினாவும் அவரும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாமர நிழலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மிர்த்தாதான், "அவங்க பழக்கம் அப்படி, விடுங்க," என்றாள்.

அப்படி ஒரு மதியம், நானும் சுனில்டாவும் தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைப் பானத்தை மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, லிபோரியோ புதிதாக ஒன்று சொன்னார். அவர் குரலில் ஒரு சின்னப் பெண்ணின் பேச்சு.

"லிபோ, வாயேன், ஒளிஞ்சு விளையாடலாம். நீதான் தேடணும்."

ரோமினாவிடம் கேட்டதாக்கும் என்று நினைத்துத் திரும்பினேன். சுனில்டாவின் கையிலிருந்த குவளை சரிந்து மடியெல்லாம் ஈரமாகியிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"அது நான்," என்றாள். "அப்ப எனக்கு எட்டு வயசு."

லிபோரியோ மறுபடியும் சொன்னார். அவள் தடுமாறி எழுந்து மாமரத்தடிக்குப் போனாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை நான் தேடறேன்டா," என்றாள். "எங்க ஒளியப்போற, சொல்லு."

அவர் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.